சந்தைக்கு வழி

புறநகர் ஒன்றில் மனை வாங்கி, வீடு எழுப்பிப் புதிதாகக் குடிபுகுவோர் முதலில் விசாரிப்பது தண்ணீரைப் பற்றி. அடுத்து விசாரிப்பது கடையைப் பற்றி. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் அதற்குப் பின்னரே நினைவுக்கு வருகின்றன. இதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. மக்காவைத் துறந்து மதீனா வந்து சேர்ந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களிடம், அன்சாரித் தோழராகிய சஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் சரிபாதியைத் தருவதாகச் சொன்னபோது, அவர்கள் அதனை வாழ்த்தோடு மறுத்துவிட்டு, இவ்வூரில் சந்தை எங்கேயிருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். பனூ கைனுகா சந்தைக்கு வழி காட்டப்பட்டது. அன்றைய வியாபாரத்தில் சிறிது தயிர்க்கட்டியும் நெய்யும் ஈட்டிக்கொண்டு திரும்பினார்கள் என்று ஹதீது நூல்கள் கூறுகின்றன. அவர்கள் விற்பதற்குச் சந்தை தேடினார்கள். நாம் வாங்குவதற்குத் தேடுகிறோம். வேற்றுமை பெரிதுதான். ஆயினும் ஓரூரின் சந்தையை அறியாதவன் அவ்வூரில் விருந்தாளியாகவே இருக்கிறான் என்பது இருவருக்கும் பொது.

நாம் குடியிருப்பது கடலூரைச் சேர்ந்த ஒரு புதுநகரில். முப்பது ஆண்டுகளுக்கு முன் கரும்பும் மணிலாவும் விளைந்த கொல்லை அது. இன்று தெருக்களுக்கு எண்கள் இட்டிருக்கிறார்கள். கடலூர் என்பது ஓரூரன்று. பல ஊர்களின் கூட்டு. கெடிலத்துக்குத் தெற்கே திருப்பாதிரிப்புலியூர், வடக்கே மஞ்சக்குப்பமும் புதுப்பாளையமும், கடலோரத்தில் தேவனாம்பட்டினம், உப்பனாற்றங்கரையில் முதுநகர். 1690ஆம் ஆண்டில் ஆங்கிலக் கும்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் எல்லைக்குட்பட்ட ஊர்களெல்லாம் விற்பனையில் சேர்த்தி என்று ஒப்பந்தம். குண்டு சாலை என்னும் பெயர் அக்கதையை இன்றும் நினைவூட்டுகிறது. நிலத்தையே குண்டெறிந்து அளந்து வாங்கிய ஊரில் இருந்துகொண்டுதான் நாம் கால் கிலோ பச்சைமிளகாய்க்குத் தராசு முள்ளை உற்றுப் பார்க்கிறோம். 2021இல் நகராட்சி மாநகராட்சியாயிற்று. ஆயினும் கடைத்தெருக்கள் பழைய ஊர்களைப் பற்றிக்கொண்டே நிற்கின்றன. புதுநகர்களுக்கென்று சந்தை எதுவும் உண்டாகவில்லை. மனை பிரித்து விற்றவர்கள் பூங்காவுக்கு இடம் விட்டார்கள்; அங்காடிக்கு விடவில்லை.

ஆகையால் புறநகர்வாசி ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வோர் ஊருக்குப் போய் வருகிறான். நம் தமிழ் முன்னோர் பகலில் கூடும் கடைத்தெருவை நாளங்காடி என்றும் மாலையில் கூடுவதை அல்லங்காடி என்றும் பிரித்து வழங்கினர். மதுரைக்காஞ்சி இரண்டையும் விரித்துரைக்கிறது. நமக்கும் அவ்விரண்டு உண்டு. விடியற்காலையில் செல்லும் கடைகள் வேறு, அஸருக்குப் பின் செல்லும் கடைகள் வேறு.

துணிமணி, பாத்திரம், நகை முதலியவற்றுக்குத் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் சாலை. அதனைப் பற்றி எழுத நமக்கு அதிகமில்லை. பெண்மக்களைக் கேட்டால் ஒரு நூலே சொல்வார்கள். காய்கனிக்கும் மளிகைக்கும் அங்கேயே பான்பரி மார்க்கெட். இப்பெயரைப் பன்பரி, பாம்பரி என்று அவரவர் நாவுக்கேற்றபடி சொல்கிறார்கள். மழைக்காலத்தில் அங்கே கால் வைக்க இடமிராது. ஆனால் வெற்றிலை வேண்டுமென்றாலும் வாழையிலைக் கட்டு வேண்டுமென்றாலும் கல்யாண வீட்டுக்கு மூட்டைக் கணக்கில் வெங்காயம் வேண்டுமென்றாலும் வேறிடத்தில் அலைவது வீண்.

மீனுக்கு முதுநகர்த் துறைமுகம். ஃபஜ்ருத் தொழுகை முடித்த கையோடு புறப்பட்டுவிட வேண்டும். வெயில் ஏறியபின் போனால் எஞ்சியிருப்பது மீனாயிராது, மீனின் ஞாபகமாயிருக்கும். படகிலிருந்து கூடை இறங்கியவுடன் ஏலம் தொடங்கும். சங்கராவும் கானாங்கெளுத்தியும் மத்தியும் நெத்திலியும் குவியல் குவியலாகக் கிடக்க, கேட்பவர் கேட்க, ஏலம் விடுபவர் தொகையை ஏற்றிக்கொண்டே போவார். ஏலத்தை மார்க்கம் தடுக்கவில்லை. வாங்கும் எண்ணமே இல்லாதவன், விற்பவனோடு கூட்டுச் சேர்ந்து விலையை ஏற்றிவிடுவதைத்தான் ‘நஜஷ்’ என்று பெயரிட்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விலக்கினார்கள். மதரஸாவில் அச்சொல்லை நாம் ஓதிய காலத்தில் அதன் பொருள் விளங்கிற்று. அதன் முகம் விளங்கியது இந்தத் துறைமுகத்தில்தான். கூட்டத்தில் இருவர் மட்டும் நாள்தோறும் விலை கேட்பார்கள். நாள்தோறும் வெறுங்கையோடு போவார்கள். பழகிய மீன்காரப் பெண்மணி ஒருவர் கண்ணாலேயே காட்டிக் கொடுத்துவிடுவார். “அந்த ஆளு கேக்கிற கூடைக்கு நீங்க போவாதீங்க பாய்” என்பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது 2017 முதல் 61 நாளாயிற்று. அந்நாள்களில் சிறுபடகுக்காரர் கொண்டுவருவதுதான் மீன். அவர் சொல்வதுதான் விலை. வாங்க முடியாதவர்கள் கருவாட்டுக்குத் திரும்பலாம். நெல்லிக்குப்பம் போகும் வழியிலுள்ள காராமணிக்குப்பத்தில் திங்கட்கிழமை தோறும் கூடும் சந்தை கருவாட்டுக்குப் பேர்போனது. மூக்கே வழிகாட்டும்.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் வேப்பூரின் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையைப் பற்றிய பேச்சு எழும். வெள்ளிக்கிழமையாகையால் நம்மவர் இரவோடிரவாகச் சென்று ஜும்ஆவுக்குள் திரும்பிவிடத் துடிப்பார்கள். அவசரக்காரனுக்கு ஆடு விற்பது எளிது என்பதை வியாபாரிகள் நன்கறிவார்கள்.

காய்கறிக்கு வருவோம். இதில்தான் நாம் சற்று நின்று பேச விரும்புகிறோம்.

உழவர் சந்தை என்னும் ஏற்பாடு 1999ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் மதுரை அண்ணா நகரில் முதன்முதலாகத் தொடங்கப்பெற்றது. பின்னர் தமிழகமெங்கும் பரவிக் கடலூருக்கும் வந்தது. உழவர் தம் நிலத்தில் விளைந்ததைத் தாமே கொண்டுவந்து, இடைத்தரகர் இன்றி, கடை வாடகை இன்றி, அரசு தந்த தராசில் நிறுத்து விற்க வேண்டும். அவருக்குப் படம் ஒட்டிய அடையாள அட்டை உண்டு. அன்றன்றைய விலையை அதிகாரிகள் காலையிலேயே பலகையில் எழுதிவிடுவர். மொத்த விலைக்கு மேல் 20 விழுக்காடு, வெளிச் சில்லறை விலைக்குக் கீழ் 15 விழுக்காடு என்பது அதன் கணக்கு. 2001இல் ஆட்சி மாறியபின் இச்சந்தைகள் சில ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 2006க்குப் பின் மீண்டும் உயிர்பெற்றன.

பிக்ஹு நூல்களில் ‘தலக்கிர் ருக்பான்’ என்றொரு பாடம் உண்டு. நாட்டுப்புறத்திலிருந்து சரக்கேற்றி வரும் வணிகக் கூட்டத்தை, அவர்கள் சந்தையை அடைந்து நிலவரம் அறிவதற்கு முன்பே, வழியில் எதிர்கொண்டு மலிவாக வாங்கிவிடுவது. நபியவர்கள் இதனைத் தடுத்தார்கள். காரணம் இரண்டு. விலை அறியாத விற்பனையாளன் ஏமாறுகிறான். சந்தைக்கு வரவேண்டிய சரக்கு வாராமற் போவதால் ஊரார் துன்புறுகிறார்கள். வந்தவன் சந்தையை அடைந்து விலையறிந்தபின் விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமை அவனுக்குண்டு என்பது ஷாபிஈ மத்ஹபினர் வலியுறுத்தும் சட்டம். ஹனபீ மத்ஹபில், ஊராருக்குத் தீங்கு விளையுமானால் அது வெறுக்கத்தக்கது. நம் மாவட்டத்தில் கடலோரத்து ஷாபிஈகளும் உள்நாட்டு ஹனபிகளும் கலந்து வாழ்வதால் இரண்டையும் சொல்லிவைக்கிறோம்.

இப்பாடத்தை நாம் மாணவர்களுக்கு நடத்துகையில் ஒட்டகத்தையும் பாலைவனத்தையும் தேடிப் போவதில்லை. விடியலுக்கு முன் ராமாபுரம், வெள்ளக்கரைப் பக்கத்திலிருந்து கத்தரியும் வாழைத்தாரும் ஏற்றி வரும் இருசக்கர வண்டிகளைப் பாருங்கள் என்போம். சாலை முனையில் நின்று, ஒரு கையால் வண்டியை நிறுத்தி, மறு கையால் நோட்டை எண்ணுகிறவனைப் பாருங்கள். “உள்ள போனா கூட்டம், வெயிலாயிடும், மொத்தமா குடுத்துட்டுப் போ” என்று சொல்கிறான் அல்லவா? பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் மதீனாவின் எல்லையில் நின்றவன் அவனேதான். உழவர் சந்தைக்கு நாம் செல்வது மலிவுக்காக மட்டுமன்று. அந்த வண்டி அவனைக் கடந்து உள்ளே வந்துவிட வேண்டும் என்பதற்காகவும்தான். வாங்குவோர் வாராவிடில் அது உள்ளே வருவதில் பயனில்லை.

பலகையில் விலை எழுதுவதைப் பற்றியும் ஒரு சொல். மதீனாவில் விலையேற்றம் நேர்ந்தபோது, விலையை வரையறுத்துத் தாருங்கள் என்று மக்கள் கேட்டனர். நபியவர்கள் அதற்கு உடன்படவில்லை. எவருடைய பொருளுக்கும் தாம் அநீதி செய்தவராக இறைவனைச் சந்திக்க அவர்கள் விரும்பவில்லை. இதனைக் கொண்டு விலை நிர்ணயமே கூடாதென்று வாதிடுவோர் உளர். ஆயினும் 1328இல் காலமான இப்னு தைமிய்யா போன்ற அறிஞர்கள், சரக்கைப் பதுக்கியும் கூட்டுச் சேர்ந்தும் விலையை உயர்த்துவோர் இருக்கையில் நியாயமான விலையை அதிகாரி விதிக்கலாம் என்று ‘ஹிஸ்பா’ பற்றிய தம் நூலில் எழுதினர். இரு கருத்தையும் படித்துவிட்டுப் பலகையைப் பார்க்கும்போது நமக்குத் தோன்றுவது இதுதான்: உழவர்மேல் பலகை சுமத்தப்படுகிற நாளும் உண்டு, உழவரைப் பலகை காக்கிற நாளும் உண்டு. தக்காளி கிலோ நூறைத் தாண்டும் காலத்தில் அவர் பலகையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். பத்துக்கு விழும் காலத்தில் நாம் பலகையையும் மீறிப் பேரம் பேசுகிறோம். இரண்டாவது வழக்கத்தை விட்டுவிடலாம்.

தராசைப் பற்றி நாம் அவ்வளவாக அஞ்சுவதில்லை. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கொரு முறை அரசு முத்திரை இட வேண்டும். முத்திரைத் தகட்டைப் பார்த்து வாங்கலாம். பண்டைய முஹ்தஸிப் செய்த வேலையை இன்று தொழிலாளர் துறை ஆய்வாளர் செய்கிறார். நாம் அஞ்சுவது கூடையின் அடியைத்தான். சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட வரலாறு அனைவரும் அறிந்ததே. உழவர் சந்தையில் காயைத் தொட்டுப் பார்த்துப் பொறுக்கலாம். குளிரூட்டிய பேரங்காடியில் கண்ணாடித் தாளுக்குள் கட்டிவைத்த தக்காளிக்குள் கையை விட வழியில்லை.

அப்பேரங்காடிகளைப் பற்றி ஒரு பத்தியில் சொல்லி முடிக்கலாம். அங்கே வெளிச்சம் நன்று, விலை அச்சிட்டிருக்கும், முதியோர் அமர நாற்காலி உண்டு. பெண்கள் எவர் முகத்தையும் பார்த்துக் கேட்காமல் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். இவையெல்லாம் நன்மைகளே. தேவையற்றதையும் எடுத்துவைக்கிறோம் என்பது அங்காடியின் குற்றமன்று. கைப்பேசியில் தட்டினால் வீட்டு வாயிலுக்கே வந்து சேரும் ஏற்பாடும் இப்போது உண்டு. முதியோர் மட்டும் தனித்திருக்கும் வீடுகளுக்கு அதுவும் ஓர் அருள்தான். அரிசி வாங்குவோர் ஒன்றைக் கவனிக்கலாம். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை உறையிட்டுப் பெயரிட்ட அரிசிக்கு 5 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. உடனே 26 கிலோச் சிப்பம் பிறந்துவிட்டது. ஒரு கிலோ அரிசியைக் கூட்டி வரியைக் கழித்த இந்தச் சாதுரியத்தைக் கண்டு நாம் சிரித்தோம். வீட்டில் அரிசிப் பானை பழைய அளவுதான். அந்த ஒரு கிலோவை எதில் கொட்டுவது என்று நம் இல்லத்தார் சிரிக்கவில்லை.

நம் இல்லத்தாருக்குப் பிறந்தகம் சிதம்பரம். லால்கான் தெருவை ஒட்டிய பகுதி. ஆகையால் மாதமொரு முறையேனும் அவ்வூருக்குச் செல்கிறோம். பேருந்து பரங்கிப்பேட்டைக்குப் பிரியும் முனையைக் கடக்கையில் நமக்கு எப்போதும் அபுல் காசிம் மரைக்காயரின் நினைவு வரும். வள்ளல் சீதக்காதியின் மறைவுக்குப் பின் உமறுப் புலவரை ஆதரித்துச் சீறாப்புராணம் உருப்பெறத் துணைநின்றவர் அவ்வூர் வணிகரே. கடையில் புரண்ட காசு காப்பியமான இடம் அது. இன்று அம்முனையில் அன்னங்கோவில் பக்கத்து நண்டும் இறாலும் கிடைக்கும். இறங்கினால் அடுத்த பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும் என்பதால் பெரும்பாலும் இறங்குவதில்லை.

சிதம்பரத்தில் கடைக்கு வழி கேட்க வேண்டிய தேவையே இல்லை. நான்கு வீதிகள், எதில் புகுந்தாலும் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். நடந்து போய் வாங்கி நடந்தே திரும்பும் ஊர் அது. வீட்டு வாயிலிலிருந்து கடை தெரியும்; கடையிலிருந்து வீட்டுப் பிள்ளையின் முகம் தெரியும். அதன் புறநகராகிய அண்ணாமலை நகரின் கதை வேறு. 1929இல் எழுந்த பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்த ஊராகையால் அங்கே கடைக்காரர் பார்ப்பது பஞ்சாங்கத்தையன்று, தேர்வு அட்டவணையை. விடுமுறை விட்டால் பாதிக் கடைகள் ஈயோட்டும். ஆயினும் மாணவர்களுக்குப் பற்று எழுதி, மூன்றாண்டு கழித்துப் பட்டம் பெறும் நாளில் கணக்கு முடித்த கடைக்காரர்களை அங்கே நாம் அறிவோம். முடிக்காமல் ஊர் போய்ச் சேர்ந்து, பதினைந்து ஆண்டுக்குப் பின் மனைவி மக்களோடு வந்து கொடுத்த ஒருவரையும் அறிவோம். கடைக்காரர் அந்தத் தொகையை மறந்தேவிட்டிருந்தாராம்.

பற்று என்னும் சொல் வந்துவிட்டது. நாம் எழுத எடுத்துக்கொண்டதன் உள்ளே இதுதான் இருக்கிறது.

நம் நகரின் மூன்றாம் தெரு முனையில் ஒரு மளிகைக்கடை உண்டு. தூத்துக்குடிச் சீமையிலிருந்து இளைஞராக வந்து, வீட்டின் முன்னறையில் கடை வைத்தவர். ஊரார் அவரை அண்ணாச்சி என்பர். அவர் நம்மை அஜரத்து என்பார். அரிசி முதல் அகர்பத்தி வரை எல்லாம் சிறு அளவில் உண்டு. விலை, சந்தையைவிட ஒன்றிரண்டு ரூபாய் கூடுதலாகவே இருக்கும்; அதனை அவர் மறைப்பதில்லை. நம் இல்லத்தார் பட்டியலைச் சொல்லச் சொல்ல அவர் எழுதுவார். கடையில் ஒரு நோட்டு, நம் வீட்டில் ஒரு நோட்டு. இரண்டிலும் ஒரே கணக்கு. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதன்று. கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். கடன்பட்டவர் சொல்ல, எழுதுபவர் நேர்மையாக எழுத வேண்டும் என்பது அதன் கட்டளை. கைக்குக் கை மாறும் சரக்கை எழுதாவிட்டாலும் குற்றமில்லை என்று சலுகையும் அதிலேயே இருக்கிறது. அண்ணாச்சி அவ்வசனத்தை ஓதியவர் அல்லர். ஆனால் கடன்பட்டவர் சொல்லத்தான் எழுதுகிறார்.

2011 டிசம்பர் 30ஆம் நாள் அதிகாலையில் தானே புயல் இம்மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன; மின்கம்பங்கள் தெருவெல்லாம் படுத்துக் கிடந்தன. நம் தெருவுக்குப் பல நாள் மின்சாரம் இல்லை. அக்கம்பக்கத்தில் மெழுகுவத்தி என்ன விலைக்கு விற்றதென்று எழுதக் கூசுகிறது. அண்ணாச்சி மட்டும் அட்டையில் அச்சிட்ட விலைக்கே கொடுத்தார். வீட்டுக்கு இரண்டு என்று அளந்து கொடுத்தார். 2015 இறுதியின் பெருவெள்ளத்திலும் அவ்வாறே. 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாவென்று அறிவிக்கப்பட்டு, ஊரே வங்கி வாயிலில் நின்றபோது, இந்நகரின் அடுப்புகள் அந்த நோட்டின் பலத்தில் எரிந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக 2020.

அவ்வாண்டு மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஏப்ரலில், டெல்லி மாநாட்டைக் காரணம் காட்டிக் கைப்பேசிகளில் பரவிய நச்சுச் செய்திகளால், வடமாநிலங்கள் சிலவற்றில் முஸ்லிம் காய்கறி வியாபாரிகள் தெருக்களுக்குள் விடப்படாமல் விரட்டப்பட்டனர். அச்செய்திகள் தமிழில் மொழிபெயர்ந்து இங்கும் வந்தன. அம்மாத இறுதியில் ரமலான் பிறந்தது, பள்ளிவாசல் பூட்டியிருந்தது, கஞ்சி காய்ச்ச அடுப்பு மூட்டவில்லை. பிறை கண்ட மறுநாள் மாலை அண்ணாச்சி, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, நொய்யும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பொட்டலமாகக் கட்டி, நகரில் முஸ்லிம்கள் வாழும் பதினொரு வீடுகளின் வாயிலிலும் வைத்துவிட்டுப் போனார். அதையும் நோட்டில் எழுதத்தான் செய்தார். அதில் நமக்கு மரியாதை கூடிற்று. தருமம் வாங்குகிறவர்களாக அவர் எங்களை எண்ணவில்லை.

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம் இரண்டாண்டுக்கு முன் நேர்ந்தது. நெடுஞ்சாலையோரம் பேரங்காடி ஒன்று திறந்தார்கள். திறப்பு நாளில் சர்க்கரை பாதி விலை. நகரமே சென்றது, நாமும் சென்றோம். விரும்பிய கடையில் வாங்குவது எவருக்கும் உரிமை. ஆனால் சில மாதத்தில் வேறொன்று தெரிந்தது. மூன்றாம் தெரு முனையைத் தவிர்த்து, ஐந்தாம் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு சிலர் வீடு திரும்பத் தொடங்கினர். பை கையிலிருக்கிறது, பழைய பாக்கி நோட்டிலிருக்கிறது. ஒருநாள் இஷாவுக்குப் பின் அண்ணாச்சி நம்மிடம் நோட்டைப் புரட்டிக் காட்டினார். முப்பத்துநான்கு வீடுகள், ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்குச் சற்று மேல். “யாரையும் போய்க் கேக்க வாய் வரமாட்டேங்கு அஜரத்து. மூடிட்டு ஊருக்குப் போயிரலாமான்னு பாக்கேன்” என்றார்.

அதே வாரத்தில்தான் நம் பழைய மாணவர் ஒருவர் கைப்பேசியில் ஒரு பட்டியலோடு வந்தார். நம் சமுதாயத்தார் நடத்தும் கடைகளின் பெயர்கள். இனி அவற்றில் மட்டுமே வாங்குவதென்று நகரத்து முஸ்லிம்கள் உறுதி எடுக்க வேண்டுமாம். நாம் அதனை முன்மொழிய வேண்டுமாம்.

“அஜரத், அவங்க அப்படித்தானே செய்யறாங்க? நாம செஞ்சா என்ன தப்பு?” என்றார்.

அவர் கேள்வியில் இருந்த வலியை நாம் அறிவோம். அதனை அற்பமாக எண்ணவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இவ்வுலகைப் பிரிந்தபோது, அவர்களுடைய போர்க்கவசம் முப்பது ஸாஉ வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகிலிருந்தது என்பதை அவருக்கு நாமே பாடம் நடத்தியிருந்தோம். மதீனாவில் செல்வமுடைய தோழர்களுக்குக் குறைவில்லை. கேட்டிருந்தால் உயிரையே தந்திருப்பார்கள். ஆயினும் குடும்பத்துக்குத் தானியம் ஒரு யூதரிடம் கடனாக வாங்கப்பட்டது. இமாம்கள் இதிலிருந்து பல சட்டங்களை எடுத்திருக்கிறார்கள். நாம் சட்டம் பேசாமல், “உங்கள் வீட்டுப் பாக்கி எவ்வளவு தம்பி?” என்று மட்டும் கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. ஐயாயிரத்து இருநூறு என்பது நமக்குத் தெரியும், நோட்டைப் பார்த்திருந்தோம். வசதியிருந்தும் கடனை இழுத்தடிப்பதை மார்க்கம் அநீதி என்றே பெயரிட்டிருக்கிறது. அந்த அநீதியின்மேல் சமுதாய நலன் என்னும் போர்வையைப் போர்த்துவது இரண்டாவது அநீதி. முப்பத்துநான்கில் நம்மவர் ஆறு; ஏனையோர் பிற சமயத்தார். கடனைக் கொடுக்காமல் தெரு மாறிச் சென்றதில் மட்டும் நகரத்தில் நல்ல சமய ஒற்றுமை நிலவியது!

குடியிருப்போர் நலச்சங்கத்தின் கூட்டம் அம்மாதம் பள்ளிக்கூடத் திண்ணையில் நடந்தது. குப்பை வண்டி, தெருவிளக்கு, நாய் ஆகியவற்றைப் பேசி முடித்தபின் நாம் எழுந்து, பெயர் எதுவும் குறிப்பிடாமல், தொகையை மட்டும் சொன்னோம். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர் ஒருவர், மூன்று தவணையில் கொடுத்துவிடலாமே என்றார். வேறொருவர், விலை கூடுதலாக விற்பவருக்கு ஏன் இவ்வளவு பரிவு என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வங்கி வட்டி வாங்குகிறது, அடகுக் கடை வட்டி வாங்குகிறது. கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாக வைத்து, நாள் கணக்குப் பாராமல் காத்திருப்பவர் இவர் ஒருவரே என்று அந்த மின்வாரியப் பெரியவரே விடையும் சொல்லிவிட்டார். தவணைக்கு விற்கும் பொருளுக்குத் தொடக்கத்திலேயே விலையைச் சற்றுக் கூட்டிப் பேசிக்கொள்வதைப் பெரும்பாலான இமாம்கள் அனுமதித்திருப்பதை அங்கே நாம் எடுத்துச் சொல்லவில்லை, தேவைப்படவில்லை.

மூன்று மாதத்தில் இருபத்தைந்து வீட்டார் கணக்கை முடித்தனர். நம் மாணவர் முதல் வாரத்திலேயே முழுத்தொகையையும் கொடுத்தார்; பட்டியலைப் பற்றி மீண்டும் பேசவில்லை, அதனை அழித்துவிட்டதாகவும் சொல்லவில்லை. ஒன்பது வீடுகள் எஞ்சின. அவற்றில் இரண்டில் உண்மையாகவே வருமானமில்லை; ஒருவர் வெளிநாட்டில் வேலையிழந்து திரும்பியவர். இயலாதவருக்குத் தவணை தாருங்கள் என்னும் வசனம் அவர்களுக்கானது. அண்ணாச்சியும் அவர்களைக் கேட்கவில்லை. மற்ற ஏழு வீட்டார் இன்றும் ஐந்தாம் தெரு வழியாகத்தான் போகிறார்கள்.

கடை மூடப்படவில்லை. சரக்கு முன்னைவிடக் குறைந்துவிட்டது. எண்ணெய் வகையும் சோப்பு வகையும் பேரங்காடியோடு போட்டியிட முடியாமல் ஒதுக்கப்பட்டன. அந்த இடத்தில் இட்லி மாவும், விடியற்காலையில் உழவர் சந்தையிலிருந்து தாமே எடுத்துவரும் கீரைக்கட்டும் வைத்திருக்கிறார். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணை பெருக்கெடுத்து, சாலைகள் துண்டிக்கப்பட்டு, பேரங்காடிக்கு இரண்டு நாள் சரக்கு வண்டி வாராதபோது, அந்த மாவு பத்து மணிக்குள் தீர்ந்துவிட்டது. பால் இப்போது மாலை ஏழு வரைதான் இருக்கும். அதற்குப் பின் வேண்டுவோர் காலையிலேயே சொல்லிவைத்தால் எடுத்து வைத்திருப்பார். புதியவர்களுக்குப் பற்று எழுதுவதில்லை என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார். ஆறு மாதம் பழகிய பின் அந்த அட்டையை அவரே பார்ப்பதில்லை.